கல் விலை கேட்ட நண்பனுக்கு

ஊத்தங்கரை,
18.01.2025

அன்பு நண்பா,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் கிடைத்தது. தங்கையும் பிள்ளைகளும் நலம் என்றறிந்து மனம் ஆறியது. கடற்கரைக்கு இறங்கும் படிக்கட்டு புயலில் போய்விட்டதென்றும், புதிதாகக் கட்டக் கிருஷ்ணகிரிக் கருங்கல் என்ன விலைக்குக் கிடைக்கும் என்றும் கேட்டிருந்தாய். விசாரித்துவிட்டேன், கல்லுக்கு இங்கே குறைவில்லை. ஆனால் விலையைச் சொல்லுமுன் நான் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் உங்களோடு ஓய்ந்துவிடும் என்றே இங்கு எல்லோரும் நினைத்திருந்தோம். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் எங்கள் ஊரில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, சாலையில் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துச் சென்றது. அந்த நீரும் தென்பெண்ணையில் கலந்து, சாத்தனூர் அணையைத் தாண்டி, உங்கள் கடலூருக்குத்தானே வந்து சேர்ந்தது!

வெள்ளம் வடிந்ததும் எங்கள் நிலத்துக்குப் போகும் வழியிலுள்ள தரைப்பாலத்தைப் பார்க்கப் போனேன். மேலே கான்கிரீட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஓரமாகக் குனிந்து அடியில் கையை விட்டேன். தோள்வரை உள்ளே போயிற்று, ஒரு பிடி மண் தட்டுப்படவில்லை. உன் படிக்கட்டின் கடைசி மூன்று படிகளும் உடையாமல் அந்தரத்தில் தொங்கின என்று நீ எழுதியதைப் படித்தபோது அந்தப் பாலம்தான் நினைவுக்கு வந்தது. படி பலவீனமானதால் விழவில்லை, அதைத் தாங்கிய மணல் போனதால்தான் விழுந்தது. செங்குத்தான கல்லில் மோதும் அலை திரும்பும்போது அடிமணலை அரித்துக்கொண்டே போகும். அடிமணல் போனால் எவ்வளவு கனமான கல்லும் இறங்கிவிடும். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் எழுந்து, தெற்கிலிருந்து வரும் மணல் மறிக்கப்பட்டதால், கல்லூரி நாட்களில் நாம் கால் நனைத்த கரை கற்குவியலாகிப்போனதை நாம் இருவரும் பார்த்தவர்கள் அல்லவா?

மணல்மேட்டை வெட்டி நேராக இறக்கிய அந்த வழியாகத்தான் கடல்நீர் தெருவுக்குள் புகுந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆகவே அந்த வெட்டை மூடி மேட்டை வளரவிடுங்கள். அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்தால் காற்று கொண்டுவரும் மணலை அவையே பிடித்து வைக்கும். பாதையை மேட்டின்மேல் சாய்வாகத் திருப்பி, மரத்தூண்களின்மீது பலகை பரப்பி, அடியில் மணல் நகர இடம் விட்டு அமையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பலகைகளைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். மீன்கூடையைத் தலையில் சுமந்து வரும் பெண்களுக்குச் செங்குத்துப் படியைவிடச் சாய்வுப் பலகை எவ்வளவோ எளிது. படகு இழுக்கும் இடத்தை மட்டும் இதோடு சேர்க்காமல், மேடு தாழ்வாக உள்ள பக்கம் தனியே வைத்துக்கொள்வது நல்லது.

அவசரமும் வேண்டாம். புயல் கடலுக்குள் இழுத்த மணலில் ஒரு பங்கைக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் அலையே திருப்பித் தரும். சித்திரை வரை பொறுத்து, கரை எங்கே நிற்கிறது என்று பார்த்துத் தூண் நடுங்கள். மணல்மேடுகள், கரையோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் வருவதால், அனுமதிக்கான மனுவை இப்போதே கொடுத்துவிடுங்கள்.

கல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேட்டுக்கு உட்புறம், தெரு முடியும் இடத்தில், கூடையை இறக்கி மூச்சு வாங்க ஒரு சுமைதாங்கி வேண்டும். அதற்கு நல்ல கல் பார்த்து வைத்திருக்கிறேன்; அது என் செலவு. கூடை தூக்கும் பெண்களிடம் கேட்டு, எவ்வளவு உயரம் வேண்டுமென்று அளந்து எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்