சிறைக்குள் முளைக்கும் நட்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் சிறையில் அடைபட்ட பதின்வயதினரின் நட்பைச் சொல்லும் படக்கதைகளை, வன்முறை நிறைந்தவை என்று ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிடுவது சரியன்று. அடிவாங்கி ஒடுங்கிக் கிடக்கும் சிறுவனை நோக்கி இன்னொருவன் தன் உணவுத் தட்டைச் சத்தமில்லாமல் நகர்த்துவதை, வசனமே இல்லாத ஒரு கட்டத்தில் இரு கைகளை மட்டும் வரைந்து காட்டிவிட முடிகிறது; பக்கம் பக்கமாக எழுதினாலும் அந்த நெருக்கம் எளிதில் கைகூடாது. ஆனால், சித்திரவதையைப் பரபரப்புக்காக நீட்டி வரைவதை ஏற்க முடியவில்லை. சிறுவரைக் காவலில் வைப்பது கடைசி வழியாகவும், இயன்றவரை குறுகிய காலத்துக்கு மட்டுமே உரியதாகவும் இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 37ஆவது பிரிவு கூறுகிறது. பிள்ளைகளே ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ள நேர்ந்தபோது காக்க வேண்டிய பெரியவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் படைப்பாளிகள் அழுத்தமாக வரைய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
படக்கதை வாசகர் ஒருவர்