கலோரி அட்டவணையோடு எடையையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் குழந்தைகளுக்கான கலோரி அட்டவணை வெளியிட்டிருந்தீர்கள். நான்கு முதல் ஆறு வயதுக்கு நாளொன்றுக்கு 1360 கலோரி என்று பார்த்ததிலிருந்து எங்கள் தெருவில் ஒரு தாய், மகன் தட்டில் இட்லியை எண்ணிக்கொண்டிருக்கிறார். எண் குறைந்தால் அவன் வாயில் திணிக்கிறார்.

எண்ணில் தப்பில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் சொன்னதுதான். ஆனால் அது சுமார் 18 கிலோ எடையுள்ள பிள்ளைக்கான சராசரி. நான் வேலை பார்த்த அங்கன்வாடி மையத்தில் ஐந்து வயதில் 14 கிலோ இருந்த பிள்ளையும் உண்டு, 20 கிலோ இருந்த பிள்ளையும் உண்டு. இருவருக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்?

சரி, ஒரு பிள்ளை செலவழிக்கும் சக்தியை எப்படி அளக்கிறார்கள்? ஹைட்ரஜனிலும் ஆக்சிஜனிலும் சற்றுக் கனமான வகைகளான டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18-ம் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கக் கொடுக்கிறார்கள். கதிர்வீச்சு இல்லாதது, பயமில்லை. அப்புறம் ஒரு வாரம், பத்து நாள் சிறுநீரைச் சேகரித்துப் பார்க்கிறார்கள். டியூட்டீரியம் தண்ணீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன்-18 தண்ணீராகவும் போகும், மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். இரண்டும் குறையும் வேகத்தில் உள்ள வித்தியாசம், எவ்வளவு கரியமில வாயு உண்டானது என்று காட்டிவிடும். அதிலிருந்து கலோரிக் கணக்கு. பிள்ளை தன் பாட்டுக்கு ஓடி விளையாடலாம். (மூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்ட நேரத்தில் சிறுநீர் வாங்குவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அந்த ஆய்வாளர்களுக்கு ஒரு கும்பிடு!)

இப்படி அளந்த பிறகு பழைய கணக்கே மாறியது. 1985-ல் உலக சுகாதார நிறுவனமும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் பத்து வயதுக்குட்பட்டோரின் தேவையை, அவர்கள் சாப்பிட்ட அளவை வைத்தே சொல்லியிருந்தன. 2004-ல் வெளிவந்த புதிய அறிக்கையில், ஏழு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளுக்கு அது சுமார் 18 சதவீதமும் பெண் குழந்தைகளுக்கு 20 சதவீதமும் குறைந்தது.

அதற்காகச் சோற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. அரைவயிற்றோடு மையத்துக்கு வரும் பிள்ளைகளை நிறையவே பார்த்திருக்கிறேன். காய்ச்சலில் விழுந்து எழுந்த பிள்ளைக்குக் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். தட்டை எண்ணுவதைவிட, மாதாமாதம் எடை ஏறுகிறதா என்று பார்ப்பதே அந்தத் தாய்க்கு உதவும்.

அடுத்த முறை அட்டவணை போடும்போது, எந்த எடைக்கு அந்த எண் என்பதையும் பக்கத்துக் கட்டத்தில் அச்சிடுங்கள். எடை பார்க்க அங்கன்வாடியில் காசு கேட்க மாட்டார்கள் என்று ஒரு வரியும் சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
ஒட்டன்சத்திரம்.