அந்த மஞ்சள் வீட்டைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் நலம். புது வீட்டுப் படங்கள் வந்தன. வாசல், தோட்டம், சமையலறை எல்லாம் லட்சணமாக இருக்கின்றன. ஒழுகுகிற ஓட்டு வீட்டில் பிறந்த பையன் மெல்பர்னில் தோட்டத்தோடு வீடு வாங்கிவிட்டான் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். அம்மாதான் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று நான் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

நான் வந்திருந்தபோது செயின்ட் கில்டா சாலையில் இருக்கும் ஓவியக்கூடத்துக்குக் கூட்டிப்போனாயே, அங்கே பார்த்த பிரெஞ்சு ஓவியர் மனேயின் ‘ருவெய் வீடு’ என்ற படம் ஞாபகம் இருக்கிறதா? ஃபெல்டன் என்ற மருந்து வியாபாரி எழுதிவைத்த பணத்தில் 1926-இல் வாங்கியது. வெளிர் மஞ்சள் சுவர், சாம்பல் நீல ஜன்னல் கதவுகள், நட்ட நடுவில் வாசலை மறைத்துக்கொண்டு ஒரு மரம். என் வகுப்புப் பையன் இப்படி வரைந்திருந்தால் மார்க்கைக் குறைத்திருப்பேன் என்று சொன்னேன், நீ சிரித்தாய். நீ சிரித்துக் கேட்டு நாளாயிற்று.

1882 கோடையில் பாரிஸுக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த வீடு அது. மனேக்கு ஐம்பது வயது. கால் நரம்பு கெட்டு, நடப்பதே பாடு. வெளியே போக முடியாததால் கண் முன்னால் இருந்த தோட்டத்தையே வரைந்தார். அதே வீட்டை அகலவாக்கில் ஒன்று வரைந்தார், அது பெர்லினில் இருக்கிறது. உங்கள் ஊரில் இருப்பது உயரவாக்கில் வரைந்தது. இரண்டிலும் அப்படி ஒரு வெயில்! வரைந்தவர் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த ஏப்ரலில் இடது காலை எடுத்தார்கள். 30-ஆம் தேதி இறந்துபோனார். மனைவி சுசான் அந்தக் கோடையில் கூடவேதான் இருந்தார். ஆனால் படத்தில் ஆள் யாரும் கிடையாது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

மருமகளை விசாரித்ததாகச் சொல். பொங்கலுக்குப் பேசியவள், அப்புறம் பேசவே இல்லை. கேட்டால் டூட்டி என்கிறாய். சரி, ஆஸ்பத்திரி வேலை என்றால் டூட்டி இருக்கத்தான் செய்யும். இரண்டு மாதத்துக்கு மேலாகவா?

சிட்னி பெரியப்பா வீட்டு விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு இன்னும் அந்த வருத்தம் தீரவில்லை. உனக்குப் புரியும்.

கடன் நெருக்கினால் சொல், வயல் பக்கத்து மனை சும்மாதான் கிடக்கிறது. ராத்திரி வெகுநேரம் கண் விழிக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. எங்களுக்கு எட்டு மணி என்றால் நல்லது. அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள், போன் என் கையில்தான் இருக்கும்.

அப்பா