வென்றவர் ஏன் இன்னும் அலைய வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வழக்கில் ஜெயித்த பிறகும் தீர்ப்பு நகலோடு அலுவலகம் அலுவலகமாக அலைபவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். அதிலும் தோற்றது அரசே என்றால் கேட்கவே வேண்டாம். கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் ஆங்கிலப் பயிற்சிப் பள்ளி நடத்த அனுமதி கேட்ட தம்பதிக்கு, அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 1989இல் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதிகாரிகள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அதைக் கண்டுகொள்ளவில்லை. தீர்ப்பை நிறைவேற்றுவதும் நியாயமான விசாரணையின் ஒரு பகுதிதான் என்று 1997இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

இந்திய உச்ச நீதிமன்றமும், தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கோரி வென்றவர் போடும் நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்கும்படி 2021இல் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் சொத்தைக் கைமாற்றிவிட்டு ஆட்சேப மனு மேல் மனு போடுபவரை யார் தடுப்பது? என்னைக் கேட்டால், தீர்ப்பிலேயே கெடு தேதியும், அரசுத் துறை என்றால் பொறுப்பான அதிகாரியின் பதவியும் இருக்க வேண்டும். கெடு தாண்டினால் அபராதம் அவர் சம்பளத்திலிருந்து போகட்டும். நிறைவேறாத தீர்ப்புகளின் பட்டியலை ஒவ்வொரு நீதிமன்றமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்