இரவு 2 மணிவரை அந்த அடுப்பு எரியட்டும்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அந்தக் கட்டடத்தை நிர்வகிக்கும் தமிழ்ச் சங்கக் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் பீட்சா கடையின் கதவில் நீங்கள் ஒட்டியிருக்கும் தாளைப் போன ஞாயிற்றுக்கிழமை இரவு படித்தேன். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இரவு 8 மணிக்கு அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்கிறது அது. இரவில் தெரு பாதுகாப்பாக இல்லை, புகை வருகிறது, பையன்கள் அங்கே கூடுகிறார்கள் என்பதெல்லாம் உங்கள் குறைகள்; மற்றபடி ஏன், எதற்கு என்பது உங்களுக்கும் கடைக்கார அண்ணனுக்கும் தெரியும். நான் உங்கள் ஊர்க்காரி இல்லை. ஜோஹன்னஸ்பர்க் பக்கத்தில் லெனேசியாவில் மாலைநேரத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். வருடத்துக்கு நான்கைந்து தடவை அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு என்-3 சாலையில் டர்பனுக்குப் போய் வருகிறவள். வழிப்போக்கியாகத்தான் கேட்கிறேன்: அந்த அடுப்பை இரவு 2 மணிவரை எரிய விடுங்கள்.

சென்ற புரட்டாசியின் முதல் சனிக்கிழமைப் படையல் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மாமா வீட்டில். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நாங்கள் கிளம்பும்போதே மாலை 6 ஆகிவிட்டது. 570 கிலோமீட்டர். ஒழுங்காகப் போனால் ஆறு மணி நேரம். அன்று வான் ரீனன் கணவாயில் மூடுபனி. லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்ததுபோல் ஊர்ந்தன. கட்டிக்கொண்டு வந்த ரொட்டியும் உருளைக்கிழங்கும் ஹாரிஸ்மித் வருவதற்குள்ளேயே தீர்ந்துபோயிருந்தன.

அம்மாவுக்கு 74 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை, தினமும் ஊசி. மூய் ரிவர் ஊரைத் தாண்டும்போது, "கை நடுங்குது கண்ணு" என்றார். குரலே மாறியிருந்தது. நெற்றியைத் தொட்டால் வேர்வை. அந்தக் குளிரில் வேர்வை! ஒரு மிட்டாயைப் பிரித்து அவர் வாயில் போட்டேன். மிட்டாய் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும்; பின்னாலேயே வயிற்றில் ஏதாவது விழ வேண்டும். அடுத்த கராஜில், அதாவது பெட்ரோல் நிலையத்தில், நிறுத்தி ஓடினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட கோழி பை, மாட்டிறைச்சி பை. சிப்ஸ் இருந்தது, மீன் பொரித்த அதே எண்ணெயில். சீஸ் டோஸ்ட் போட்டுத் தரலாம் என்றாள் அங்கே இருந்த பெண். டோஸ்ட் சுடும் தட்டில் பேக்கன், அதாவது பன்றி இறைச்சிக் கொழுப்பு காயாமல் கிடந்தது. புரட்டாசியில் அம்மா இதையெல்லாம் கையால்கூடத் தொட மாட்டார். "விடும்மா, மாமா வீட்டுல சாப்பிட்டுக்கலாம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். மாமா வீட்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் என்னென்ன நினைத்தேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்றுதான் உங்கள் ஊருக்குள் திரும்பினேன். நள்ளிரவு 12.40. இரண்டாவது ரோபோவில் (போக்குவரத்து விளக்கில்) நின்றபோது கண்ணாடி வழியாக வாட்டில் மர விறகுப் புகை வாசனை வந்தது. தெரு முழுக்க இரும்புக் கதவுகள் இறக்கியிருக்க, ஒரே ஒரு கடையில் மட்டும் வெளிச்சம். வாசல் பலகையில் சாக்கட்டியால், தமிழில், "புரட்டாசி: இங்கே எல்லாம் சைவம்" என்று எழுதியிருந்தது. எழுத்து கொஞ்சம் கோணல்தான். அதைப் பார்த்து நான் காரிலேயே அழுதுவிட்டேன்.

அம்மாவின் முகத்தைப் பார்த்தவுடனே அந்த அண்ணன், வரிசையில் நின்ற லாரிக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எங்களுடையதை முதலில் உள்ளே தள்ளினார். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் அம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். முந்தின நாளே பிசைந்து ஊறவைத்த மாவு. தக்காளி, மொசரெல்லா, கத்தரிக்காய், கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய். 400 டிகிரிக்கு மேல் காய்ந்த கல்லில் ஒன்றரை நிமிடம், அவ்வளவுதான். ஓரம் உப்பி, அங்கங்கே கருப்புப் பொட்டு விழுந்து, நடுவில் மெல்லிசாக வந்தது. பார்மசான் தூவவில்லையா என்று நான் கேட்டேன். "அது கன்னுக்குட்டி இரைப்பைச் சாறுல உறைய வைக்கிற சீஸ் தங்கச்சி. புரட்டாசி மாசம் இந்தக் கடைக்குள்ளயே வராது" என்றார். எத்தனை கோயில் சமையலறைகளில் இதை யோசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற மாதங்களிலும் சைவத்துக்கென்று பீட்சாவை அடுப்புக்குள் தள்ள தனித் துடுப்பு, வெட்ட தனிச் சக்கரம். இரண்டின் பிடியிலும் பச்சைத் துணி கட்டியிருக்கும். ஜோஹன்னஸ்பர்கில் பெரிய விலை கொடுத்து நான் சாப்பிட்ட எந்தப் பீட்சாவும் இதன் பக்கத்தில் நிற்காது.

அம்மா மூன்று துண்டு சாப்பிட்டார். கை நடுக்கம் நின்றது. அப்புறம்தான் பேச ஆரம்பித்தார். சின்ன வயதில் இதே வழியில் அத்தை வீட்டுக்குப் போவார்களாம். தாத்தா வழியில் வரும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துக்குள் காரை நிறுத்தவே மாட்டாராம். இந்தியர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது என்ற 1891ஆம் ஆண்டுச் சட்டம் 1980களின் நடுப்பகுதிவரை உயிரோடு இருந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பசித்தால் ஓடும் காரிலேயே ரொட்டியைச் சுருட்டிக் கொடுப்பார்களாம். மேசை போட்ட கடைகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போவார்களாம். "இந்த ரோட்டுல நடுராத்திரியில ஒருத்தர் வாங்கம்மா உட்காருங்கன்னு சொல்றாரு பாரு, அதுவும் தமிழ்ல" என்றார். அதைச் சொன்ன இடம் உங்கள் கட்டடம், ஐயா. நீங்கள் பெருமைப்பட வேண்டிய இடம்.

8 மணிவரை திறக்கலாமே, அடியோடு மூடச் சொல்லவில்லையே என்று உங்களில் சிலர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அது கேஸ் அடுப்பு இல்லை. கல் முழுக்கச் சூடேற மூன்று மணி நேரம் விறகு எரிய வேண்டும். கடைக்கு ஆள் வருவதே 9 மணிக்கு மேல்தான்: லாரிக்காரர்கள், ஷிஃப்ட் முடிந்த நர்சுகள், எங்களைப் போல் வழியில் போகிறவர்கள். 8 மணிக்கு அணை என்றால் கடையை மூடு என்றுதான் அர்த்தம்.

பீட்சா நம் சாப்பாடா என்றும் ஒருவர் கேட்டாராம். ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றும் நம் டர்பன் சாப்பாடான பன்னி சௌவுக்கு (bunny chow) நாம் எடுக்கிற ரொட்டி மட்டும் எந்த ஊரிலிருந்து வந்தது? அதற்குள் பீன்ஸ் கறியை ஊற்றி நம்முடையது ஆக்கிக்கொள்ளவில்லையா? நேப்பிள்ஸ்காரர்கள் பீட்சா சுடும் கலையை 2017இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்படிப்பட்ட கைத்தொழிலை நம் பிள்ளை ஒருவர் கற்றுக்கொண்டு வந்து, கறிவேப்பிலை தூவி, பலகையில் தமிழ் எழுதி வைத்திருக்கிறார். தமிழ் படிக்க இளைஞர்கள் வருவதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வருத்தப்படுகிறோம். அன்றிரவு இரண்டு பையன்கள் அந்தப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பதை நான் பார்த்தேன். என் வகுப்பில் அவ்வளவு ஆர்வத்தோடு யாரும் படித்து நான் பார்த்ததில்லை. அவர்கள் அங்கே கூடுவதுதான் உங்களுக்குக் குறையாகத் தெரிகிறது!

உங்கள் ஊர் ரயில் நிலையத்தில் 1893 ஜூன் 7 இரவு, வண்டியிலிருந்து தள்ளிவிடப்பட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த காந்திக்கு நாம் மாலை போடுகிறோம், பேசுகிறோம். இரவில் வழியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் என்பது அந்த மாலையோடு முடிந்துவிடுகிறதா?

கோபத்தில் எழுதிவிட்டேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கவலைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. இரவில் தெரு பாதுகாப்பாக இல்லை என்பது எனக்கும் தெரியும். பெண்ணாக அந்த நேரத்தில் காரை விட்டு இறங்க நானும் யோசித்தேன். வாசலில் இன்னொரு விளக்கு போடலாம். கார்களைக் காவல் பார்க்க ஒரு கார் கார்டை நிறுத்தலாம். அந்தச் சம்பளத்தில் பாதியைத் தர அண்ணன் தயார் என்று அவரே என்னிடம் சொன்னார். புகை மேல்தளத்து வகுப்பறைக்குள் போகிறதென்றால் புகைபோக்கியை உயர்த்தச் சொல்லுங்கள். மாட்டேன் என்று சொல்கிற ஆள் இல்லை அவர்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இந்த மடலை ஒருவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாளைக் கதவிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுப்பு இரவு 2 மணிவரை எரியட்டும்.

தைப்பூசக் காவடிக்கு அம்மாவை மறுபடியும் அழைத்து வருகிறேன். முந்தின நாள் வேலை முடிந்துதான் கிளம்ப முடியும். உங்கள் ஊரைத் தொடும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும்.

அன்புடன்,
லெனேசியாவிலிருந்து ஒரு தமிழாசிரியை