11 பேர் சேராத அணியைத் திருப்பி அனுப்பாதீர்கள்: மாவட்ட ஹாக்கி சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஹாக்கி சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், லீக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2022 ஆசியக் கோப்பையில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர் கார்த்தி செல்வமும் இந்திய அணிக்கு ஆடினார்கள். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பையே சென்னைக்கும் மதுரைக்கும் வந்தது. தமிழ்நாட்டு ஹாக்கிக்கு இது நல்ல காலம். ஆனால் ஞாயிறு காலை மாவட்ட லீக் நடக்கும் மைதானங்களில் நிலைமை வேறு. 11 பேரைச் சேர்க்க முடியாத கிளப்புகள் வாக்-ஓவர் (ஆடாமலேயே எதிரணிக்கு வெற்றி) கொடுத்துக் கொடுத்து, ஒருகட்டத்தில் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகின்றன.

ஆடத் தெரிந்தவர்களுக்கு ஊரில் பஞ்சமில்லை. அவர்களை ஒரே காலையில் ஒரே மைதானத்தில் கூட்டுவதுதான் சிரமம். அந்தச் சிரமத்தைக் குறைக்க லீக் விதிகளில் சில மாற்றங்கள் போதும். அதற்காகத்தான் இந்த மடல்.

கிளப் ஆட்டக்காரர்கள் யார் என்பதிலிருந்து தொடங்குவோம். மில்லில் ஷிப்ட் பார்ப்பவர், கடை வைத்திருப்பவர், வெளியூர்க் கல்லூரியிலிருந்து அவ்வப்போது ஊருக்கு வருபவர், வேலைக்கான தேர்வுக்குப் படிப்பவர். மூன்று ஞாயிறில் இரண்டு ஞாயிறு வந்தாலே அவர் ஒழுங்கான ஆட்டக்காரர். இந்தக் கணக்கில் 16 பேரைப் பதிவு செய்த அணிக்கு ஏறக்குறைய பாதி ஆட்டங்களில் 11 பேர் தேறமாட்டார்கள். 18 பேர் இருந்தால் நான்கைந்து ஆட்டங்களுக்கு ஒருமுறை ஆள் குறையும். 22 பேர் இருந்தால்தான் அந்தக் கவலை அநேகமாகத் தீரும். ஆனால் சில லீக்குகளில் பதிவே 18 பேரோடு நின்றுவிடுகிறது. ஒரு வாரம் ஒரே ஊரில் தங்கி ஆடும் போட்டித்தொடருக்கு அந்த வரம்பு சரி. மாதக்கணக்கில் நீளும் லீக்கில் அது கிளப்பின் கையைக் கட்டிப்போடுகிறது. 25 பேர் வரை பதிவு செய்ய விடுங்கள், ஆட்டத்தன்று 16 பேரைத் தேர்வு செய்துகொள்கிறோம்.

கோல்கீப்பர் விஷயம் இதைவிட மோசம். மேலே சொன்ன கணக்கில், ஒரே கீப்பர் உள்ள அணி மூன்றில் ஓர் ஆட்டத்தைக் கீப்பர் இல்லாமல்தான் ஆடவேண்டும். இரண்டு பேர் இருந்தால் ஒன்பது ஆட்டங்களுக்கு ஒருமுறைதான் அந்த நிலை வரும். அப்படியும் இரண்டாவது கீப்பர் உருவாகாததற்குக் காரணம் கிட். ஹெல்மெட், தொண்டைக் கவசம், மார்புக் கவசம், கையுறைகள், கால் பேடு, பாதத்தை மூடும் கிக்கர் என்று முழு செட்டுக்குப் பல ஆயிரங்கள் ஆகும். கிளப்பிடம் ஒரு செட்தான் இருக்கும், அதுவும் முதல் கீப்பர் வீட்டில் இருக்கும். அவர் வராத நாளில் கிட்டும் வராது.

கீப்பர் இல்லாமல் 11 பேரும் களவீரர்களாக ஆட விதி இடம் கொடுக்கிறது. ஆனால் பெனால்டி கார்னரில் (தவறுக்குத் தண்டனையாக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) ஸ்டிக்கால் சுண்டி வேகமாக வரும் ஃபிளிக்கின் முன்னால், முகக் கவசம் மட்டும் போட்ட பையனை நிறுத்துவது ஆபத்து. ஆகவே மைதானத்திலேயே பெரிய அளவில் ஒன்று, நடுத்தர அளவில் ஒன்று என இரண்டு பொது கீப்பர் செட்டுகளைச் சங்கம் வைக்க வேண்டும். வாங்கினால் மட்டும் போதாது, பராமரிப்பும் வேண்டும். மண் மைதானத்தில் முதலில் போவது கிக்கரின் அடிவார். பாதத்துக்குக் கீழே தரையில் உரசி உரசி நார்நாராகிவிடும். அறுந்த வாரோடு ஆடினால் கிக்கர் பக்கவாட்டில் திரும்பி, விரல்கள் பந்துக்கு முன்னால் வந்துவிடும். ஒரு பெட்டியில் மாற்று வார்கள் நாலைந்து, ஹெல்மெட்டுக்கான கொக்கி, திருகாணிகள் இருந்தால் பத்து நிமிட வேலை. ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் நிழலில் காற்றாடப் பரப்பி உலர்த்த வேண்டும். ஈரத்தோடு பையில் கட்டி வைத்தால் வாடையைச் சகிக்கமுடியாமல் புதிய பையன்கள் அதைத் தொடமாட்டார்கள்.

இனி வாக்-ஓவர். சர்வதேச விதிப்புத்தகம் களத்தில் அதிகபட்சம் 11 பேர் என்றுதான் சொல்கிறது. எத்தனை பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்று முடிவு செய்வது போட்டியை நடத்துபவர்கள், அதாவது நீங்கள். 9 பேர் ஸ்டிக்கோடு மைதானத்தில் நிற்கும்போது வாக்-ஓவர் அறிவித்தால் அந்த 9 பேரும் வீட்டுக்குப் போகிறார்கள். பஸ்ஸுக்குச் செலவழித்து வந்த எதிரணி 16 பேரும் ஆடாமலேயே திரும்புகிறார்கள். அடுத்த வாரம் அவர்களிலும் இரண்டு பேர் குறைவார்கள். ஓர் அணியின் ஆள்குறை இப்படித்தான் லீக் முழுவதும் பரவுகிறது.

குறைந்தபட்சம் 8 பேர் இருந்தால் ஆட்டம் தொடங்கட்டும். பெயர் கொடுத்த மற்றவர்கள் பாதி ஆட்டம் வரை வந்து சேரலாம். இரு கேப்டன்களும் ஒப்புக்கொண்டால் எதிரணியும் ஆளைக் குறைத்துக்கொள்ளலாம், கட்டாயம் வேண்டாம்.

8 பேர் ஆடினால் ஆட்டம் கேலிக்கூத்தாகிவிடும் என்ற வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. 9 பேர் இருந்தால் கீப்பருக்கு முன்னால் மூன்று பேக் (தடுப்பவர்கள்), மூன்று ஹாஃப் (நடுவில் ஆடுபவர்கள்), இரண்டு ஃபார்வர்டு (தாக்குபவர்கள்). ஓரத்து விங்குகளை விட்டுவிட்டு நடுவை அடைக்க வேண்டும். எதிரணியின் 23 மீட்டர் பகுதிக்குள் போய் அழுத்தக் கூடாது, நடுக்கோட்டுக்குப் பின்னால் நின்று வரவிட்டுப் பிடிக்க வேண்டும். 8 பேர் என்றால் ஃபார்வர்டில் ஒருவரைக் குறைத்தால் போதும். பெனால்டி கார்னரில் எந்த அணியும் கீப்பரையும் சேர்த்து ஐந்து பேரைத்தான் பின்கோட்டில் நிறுத்த முடியும் என்பதால், அங்கே ஆள்குறையின் பாதிப்பும் இல்லை.

அடி விழுவது மூன்றாவது குவார்ட்டரில். 91.40 மீட்டர் நீளத்தில் மாற்றாள் இல்லாமல் ஓடும் நடு ஹாஃபுக்குக் கால் தளரும். பந்துக்கு நேரே போய்ச் சேரமுடியாமல் பக்கவாட்டிலிருந்து ஸ்டிக்கை நீட்டுவார், எதிராளியின் ஸ்டிக்கில் அடிப்பார், பச்சை அட்டை வரும். 8 பேர் அணி இரண்டு நிமிடம் 7 பேராகும். இதைத் தவிர்க்க ஆள்குறை ஆட்டங்களுக்கு 15 நிமிட குவார்ட்டருக்குப் பதில் 12 நிமிடம் வைக்கலாம். வெயில் ஏறிய பிறகு தொடங்கும் ஆட்டத்தில் இது கட்டாயமாகவே இருக்க வேண்டும்.

8 பேருக்கும் வழியில்லாத கிளப்புகளுக்கு ஏழு பேர் லீக் ஒன்று தேவை. 2024 ஜனவரியில் மஸ்கட்டில் ஐந்து பேர் ஹாக்கிக்கு உலகக் கோப்பையே நடந்தது, ஆகவே சிறிய ஆட்டம் என்று யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை. முழு மைதானத்தின் பாதியைக் குறுக்காகப் பயன்படுத்தினால் 55 மீட்டர் நீளம், 45.70 மீட்டர் அகலம் கிடைக்கும். ஒரே டர்ஃபில் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டங்கள் நடத்தலாம். பத்து நிமிடம் வீதம் நான்கு குவார்ட்டர், பதிவுக்கு 12 பேர் போதும். நகர்த்தக்கூடிய கோல்போஸ்ட் நான்கு வேண்டும். அவற்றின் பின்சட்டத்தில் மணல் மூட்டை வைத்தே ஆகவேண்டும், சிறுவர்கள் தொங்கினால் போஸ்ட் முன்பக்கம் சாய்ந்துவிடும். கோலுக்கு முன்னுள்ள சர்க்கிளைக் கூம்புகளால் குறிக்கலாம். பெனால்டி கார்னரை விட்டுவிட்டு, கீப்பரை ஒருவர் தனியாக 8 விநாடிக்குள் எதிர்கொள்ளும் முறையை வைக்கலாம். பெண்கள் அணிகளுக்கு ஆள்குறை இன்னும் கடுமை. அவர்களுக்கு இந்த ஏழு பேர் லீக்கையே முதன்மை லீக்காக இந்த ஆண்டே தொடங்குங்கள்.

டிபார்ட்மென்ட் ஆட்டக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரயில்வேயிலோ போலீஸிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தவர் அந்த அணிக்கு ஆடுவதுதான் முறை. ஆனால் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, தன்னை வளர்த்த கிளப்புக்கு மாவட்ட லீக்கில் ஆட அவருக்கு அனுமதி வேண்டும். துறையின் தடையில்லாச் சான்று, ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் இரண்டு பேர் என்ற வரம்பு, இவை போதும். பெரிய ஆட்டக்காரர் பக்கத்தில் நின்று ஆடும் ஒரு காலை, பள்ளி முடித்த பையனைக் கிளப்பில் தங்கவைக்கும்.

கடைசியாகத் தேதி. சனிக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் வரும் ஃபிக்ஸ்சரைப் பார்த்து எவராலும் ஷிப்ட் மாற்ற முடியாது. 14 நாளுக்கு முன்பே தேதி வரட்டும். மார்ச், ஏப்ரலில் தேர்வுகள் என்பதால் அந்த மாதங்களில் லீக் வேண்டாம். ஒவ்வொரு அணிக்கும் சீசனுக்கு ஒருமுறை, மூன்று நாள் முன்னறிவிப்போடு ஆட்டத்தைத் தள்ளிவைக்கும் உரிமை கொடுங்கள். அடுத்த ஆட்டத்துக்குரிய அணியிலிருந்து ஒருவரை அம்பயராக நிறுத்தும் பழக்கத்தையும் விட வேண்டும், அது அந்த அணிக்கு ஒரு ஆளைக் குறைக்கிறது.

25 பேர் பதிவு, 8 பேர் விதி, 14 நாள் அறிவிப்பு ஆகியவற்றுக்குப் பணம் தேவையில்லை. அடுத்த சீசன் பதிவு தொடங்கும் முன் லீக் குழுக் கூட்டத்தில் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பொது கீப்பர் செட்டுகளுக்கான செலவில் எங்கள் பங்கைத் தருகிறோம். அவற்றை உலர்த்தி, வார் மாற்றிப் பராமரிக்க ஒவ்வொரு வாரமும் ஒரு கிளப் பொறுப்பேற்கும்.

இப்படிக்கு,
மாவட்ட லீக்கில் ஆடும் கிளப் அணிகளின் பயிற்சியாளர்கள், மேலாளர்கள்