விடுதிச் சண்டையும் உன் வக்கீல் மூளையும்

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் நலம். மூட்டுவலியைப் பற்றி எழுதினால் பதில் போட மாட்டேன். இத்தனை நாள் எழுதாததற்கு அப்புறம் திட்டிக்கொள், முதலில் இதைப் படி.

விடுதிப் பெண்களின் சண்டைகளைப் பேசித் தீர்க்க மூன்றாமாண்டுப் பிள்ளைகள் சிலருக்குப் பயிற்சி கொடுத்தோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 1980-களிலேயே இருந்த வழக்கம்தான். இரண்டு பேர் நடுவில் உட்காருவார்கள். யார் பக்கம் நியாயம் என்று சொல்வது அவர்கள் வேலையில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்லி, "நீ சொல்ல வந்தது இதுதானா?" என்று கேட்க வேண்டும். அங்கே பேசியது வெளியே போகக் கூடாது.

ராத்திரி இரண்டு மணி வரை லைட் எரிகிறது என்று ஓர் அறையில் சண்டை. வார்டனாக இருந்தால் அறையை மாற்றிவிட்டுத் தூங்கப் போயிருப்பார். இவர்கள் பொறுமையாகக் கேட்டதில், அந்தப் பெண் அரியர் பேப்பருக்குப் படிக்கிறாள், அதைச் சொல்ல வெட்கம் என்று தெரிந்தது. இப்போது ஸ்டடி ஹால் சாவி அவளிடம். அன்றைக்கு இப்படி யாராவது இருந்திருந்தால், சோப்பு விவகாரத்துக்குப் பிறகும் நீ சாந்தாவோடு பேசிக்கொண்டிருப்பாய்!

நிர்வாகத்துக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. என் கவலையே அதுதான். போன வாரம் ஒரு முதலாண்டுப் பெண்ணை சீனியர்கள் ராத்திரியில் நிற்கவைத்து, சாதியைக் கேட்டுக் கேலி செய்திருக்கிறார்கள். "இதையும் பிள்ளைகளே பேசித் தீர்க்கட்டும்" என்றார் கல்லூரி முதல்வர். எனக்கு வந்த கோபம்! குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குப் போக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2009 ராகிங் தடுப்பு விதிகளே சொல்கின்றன. மருத்துவ மாணவன் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் நம் மாநிலத்தில் ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது. பயந்து கிடக்கிறவளை அவர்களுக்கு எதிரே உட்காரவைத்து "நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு" என்றால், அது ஊர்ப் பஞ்சாயத்து இல்லாமல் வேறென்ன?

ஒருவழியாகப் புகார் போய்விட்டது. எனக்கும் முதல்வருக்கும்தான் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் நடுவில் உட்கார எந்த மாணவிக்குத் தைரியம் வரும்?

2005-ல் உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் திறந்தபோது "போச்சு, எங்கள் பிழைப்பு" என்று புலம்பிவிட்டு, இன்று அங்கேயே மத்தியஸ்தராக உட்காருகிறவள் நீ. எதையெல்லாம் சமரசத்துக்கு எடுக்கவே கூடாது என்று ஒரு பக்கம் எழுதி, உன் லெட்டர்பேடில் அனுப்பு. நான் சொன்னால் வாயாடி, வக்கீல் சொன்னால் சட்டம். முடிந்தால் நேரிலேயே வந்து பிள்ளைகளிடம் பேசு. ஃபீஸ் எல்லாம் கிடையாது, மெஸ் சாப்பாடுதான்.

அன்புடன்,
கலா